மழை எப்படி நிறைவெண் ஆனது? ஃபோர்ட்ரான் மொடியூல்களில் மாறிகளின் வகையும் உரிமையும்

உயர்தரத்தில் பைதன் மொழியில் செய்நிரல் எழுதிப் பழகிய மாணவர் ஒருவர், கிழக்கிலங்கையின் வந்தாறுமூலையிலோ சம்மாந்துறையிலோ விஞ்ஞானப் பட்டப்படிப்பின் இறுதியாண்டு ஆய்வுக்காக நீரியல் சார்ந்த பழைய ஃபோர்ட்ரான் செய்நிரல் ஒன்றைக் கையில் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதில் மாறிகள் எங்கும் அறிவிக்கப்படாமலே கணக்குகளில் வந்து போவதைக் கண்டதும், இதுவும் பைதனைப் போன்றதுதான் என்று அவர் எண்ணிவிடுவது இயல்பு. ஆனால் இரண்டும் நேர் எதிரானவை. பைதனில் வகை என்பது மதிப்புக்கு உரியது. பெயர் எந்த மதிப்பைச் சுட்டுகிறதோ அதன் வகையே அப்போதைய வகை, மதிப்பு எதுவும் கொடுக்கப்படாத பெயரைக் கணக்கில் எடுத்தால் செய்நிரல் அந்த இடத்திலேயே நின்றுவிடும். ஃபோர்ட்ரானில் வகை என்பது பெயருக்கு உரியது. அறிவிக்கப்படாத பெயரின் வகை, செய்நிரல் ஓடுவதற்கு முன்பே, எழுதிய செய்நிரலைக் கணினியின் மொழிக்கு மாற்றும் தொகுப்பியால், பெயரின் முதல் எழுத்தைப் பார்த்துத் தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது. பிறகு எந்த மதிப்பு வந்தாலும் அந்த வகைக்குள் அமுக்கப்படும்.

இந்தச் சிக்கலுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் மருந்து, "மொடியூலின் தலையில் 'இம்ப்ளிசிட் நன்' என்று ஒரு வரி போடு" என்பது. மொடியூல் என்பது மாறிகளையும், பெயர் சொல்லி அழைக்கக்கூடிய சிறு செய்நிரல்களான உபசெய்நிரல்களையும் ஒன்றாக வைத்திருக்கும் பொதி; அந்த வரி, அறிவிக்காத மாறியைத் தொகுப்பி ஏற்காதபடி செய்வது. மருந்து சரியானதுதான்; ஆனால் அது பாதி நோய்க்கே மருந்து. ஒரு பெயரைப் பற்றி எழும் கேள்விகள் இரண்டு: அது எந்த வகை, அது யாருடையது? மேற்சொன்ன வரி முதற் கேள்விக்கு மட்டுமே விடை தருகிறது. இரண்டாவது கேள்வியை அது தொடுவதே இல்லை. மொடியூல் என்ற அமைப்பில் இரண்டு கேள்விகளும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால், இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் எந்த விதியும் விளங்காது.

ஆறு எழுத்துகளின் ஆட்சி

ஜோன் பேக்கஸ் தலைமையில் ஐபிஎம் நிறுவனம் உருவாக்கிய முதலாவது ஃபோர்ட்ரான் தொகுப்பி 1957 ஆம் ஆண்டு ஐபிஎம் 704 கணினிக்காக வெளிவந்தது. அந்த முதற் பதிப்பில் வகையை அறிவிக்கும் கூற்றே கிடையாது. கணிதத்தில் வரிசை எண்களைக் குறிக்க ஐ, ஜே, கே, என் போன்ற எழுத்துகளைப் பயன்படுத்தும் வழக்கத்தைப் பின்பற்றி, ஐ, ஜே, கே, எல், எம், என் ஆகிய ஆறு எழுத்துகளில் ஒன்றில் தொடங்கும் பெயர் நிறைவெண் (தசமம் இல்லாத எண்) என்றும், ஏனைய எழுத்துகளில் தொடங்கும் பெயர் மெய்யெண் (தசமம் உள்ள எண்) என்றும் வகுத்துக்கொண்டார்கள். செய்நிரலின் ஒவ்வொரு வரியையும் ஒரு துளை அட்டையில் குத்த வேண்டியிருந்த காலத்தில் இது சோம்பல் அல்ல, சிக்கனம். பிற்காலத்தில் நிறைவெண், மெய்யெண் அறிவிப்புக் கூற்றுகள் மொழிக்குள் வந்தபோதும், அறிவிக்காத பெயருக்கு இந்த எழுத்து விதியே பொருந்தும் என்ற நிலை மாறவில்லை. 2023 ஆம் ஆண்டின் தரநிலையிலும் அது அப்படியே இருக்கிறது. அரை நூற்றாண்டுப் பழைய செய்நிரல்கள் இன்றும் தொகுக்கப்பட வேண்டும் என்ற உறுதியை அந்த மொழியின் குழு கைவிடாததே அதற்குக் காரணம்.

ஃபோர்ட்ரான்காரர்களிடையே ஒரு பழைய பகடி உண்டு: கடவுளைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ஜீ எழுத்தில் தொடங்குவதால், வேறாக அறிவிக்கப்படாதவரை கடவுள் மெய். தமிழில் 'மெய்' என்ற சொல்லுக்குள்ள இரட்டைப் பொருளால் இந்தப் பகடி இன்னும் பொருத்தமாக ஒலிக்கிறது. ஆனால் 'கடவுள்' என்பதையே ரோமன் எழுத்தில் எழுதினால் முதலெழுத்து கே ஆகிவிடுகிறது, கடவுள் நிறைவெண் ஆகிவிடுகிறார்.

பகடிக்கு அப்பால், தமிழில் நினைத்து ரோமன் எழுத்தில் பெயர் வைப்போருக்கு இங்கே உண்மையான ஆபத்து ஒன்று இருக்கிறது. தமிழ்ச் சொற்களில் பெருந்தொகையானவை க, ம, ந, இ ஆகிய எழுத்துகளில் தொடங்குகின்றன. அவை ரோமனில் முறையே கே, எம், என், ஐ ஆகின்றன. மழை, நீர்மட்டம், குளம், கொள்ளளவு, காணி, நெல், இலாபம் என்று நமது மாவட்டங்களின் வேளாண்மைக் கணக்கில் வரக்கூடிய பெயர்களைப் பட்டியலிட்டால், தசமம் இன்றி அளக்க முடியாத அளவுகள் அத்தனையும் நிறைவெண் பக்கம் விழுந்துவிடுகின்றன. நாள், மாதம் ஆகிய இரண்டு மட்டுமே அங்கே இருக்கத் தகுந்தவை.

விளைவை ஒரு சிறு கணக்கில் பார்க்கலாம். பழைய மழைப் பதிவுகள் அங்குலத்தில் இருப்பவை. அவற்றை மில்லிமீற்றருக்கு மாற்ற 25.4 ஆல் பெருக்க வேண்டும். நான்கு நாட்களின் பதிவு 0.50, 0.15, 0.02, 1.02 அங்குலம் என்று கொள்வோம். மொத்தம் 1.69 அங்குலம், அதாவது 42.9 மில்லிமீற்றர். ஒவ்வொரு நாளின் பெருக்கத்தையும் 'மழை' என்ற அறிவிக்கப்படாத மாறியில் போட்டுப் பின்னர் கூட்டினால், 12.7 என்பது 12 ஆகவும், 3.81 என்பது 3 ஆகவும், 0.508 என்பது 0 ஆகவும், 25.908 என்பது 25 ஆகவும் சேமிக்கப்படும். ஃபோர்ட்ரான் கிட்டிய எண்ணுக்கு மட்டந்தட்டுவதில்லை. தசமப் பகுதியை வெட்டிவிடுகிறது. கூட்டுத்தொகை 40. நான்கே நாளில் ஏறத்தாழ 2.9 மில்லிமீற்றர் காணாமல் போய்விட்டது. 100 சதுர கிலோமீற்றர் நீரேந்து பரப்பில் இந்த 2.9 மில்லிமீற்றர் என்பது ஏறத்தாழ 2.9 இலட்சம் கனமீற்றர் நீர். நீர்ப்பாசனக் கணக்கில் சொன்னால் 237 ஏக்கர் அடி. தொகுப்பி வழமையான அமைப்பில் ஒரு எச்சரிக்கையும் தராது. விடையும் பார்வைக்கு நம்பத்தகுந்ததாகவே இருக்கும், அதுதான் இதன் மோசமான குணம்.

எழுத்துக்கூட்டல் இன்னொரு வழியில் காலை வாரும். 'மழை' என்பதை ரோமனில் எழுத ஒரே முறை கிடையாது. ழகரத்துக்கு ஒருவர் இரண்டு எழுத்து இடுவார், இன்னொருவர் வெறும் எல் இடுவார், ஒரே ஆளே காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாக எழுதுவார். வகையறிவிப்பு கட்டாயமில்லாத செய்நிரலில் இவை ஒரு பெயரின் இரண்டு உருவங்கள் அல்ல, இரண்டு தனித்தனி மாறிகள். ஒன்றில் மதிப்பு இருக்கும். மற்றதில் நினைவகத்தில் தற்செயலாகக் கிடந்த ஏதோ ஒன்று இருக்கும்.

'இம்ப்ளிசிட் நன்' வந்த கதை

எழுத்து விதியை அப்படியே மாற்றியமைக்க ஃபோர்ட்ரான் 77 தரநிலை 'இம்ப்ளிசிட்' என்ற கூற்றைத் தந்தது. உதாரணமாக, ஏ முதல் எச் வரையும் ஓ முதல் இஸட் வரையும் தொடங்கும் பெயர்களை இரட்டைத் துல்லிய மெய்யெண்களாக்கும் வரி பழைய விஞ்ஞானச் செய்நிரல்களின் தலையில் இன்றும் காணக் கிடைக்கும். விதியை முற்றாக நீக்கும் 'இம்ப்ளிசிட் நன்' அந்தத் தரநிலையில் இல்லை. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, தனது தேவைக்காக ஃபோர்ட்ரான் 77 மொழிக்குச் சில நீட்சிகளைச் சேர்த்து 1753 என்ற இலக்கமிட்ட இராணுவத் தரமாக வெளியிட்ட பட்டியலில்தான் அது முதலில் முறையான இடம் பெற்றது. ஆண்டு 1978, மாதம் நவம்பர். மட்டக்களப்பில் வயதானவர்கள் இன்றும் 'சூறாவளி வந்த வருஷம்' என்று காலம் குறிக்கும் அதே மாதம். தொகுப்பிகள் பல அதை ஏற்றுக்கொண்ட பின்னர், ஃபோர்ட்ரான் 90 அதைத் தரநிலைக்குள் கொண்டுவந்தது. மொடியூல் என்ற அமைப்பும் அதே ஃபோர்ட்ரான் 90 உடன்தான் வந்தது.

இந்த வரி இருக்கும் பகுதியில் எந்த எழுத்துக்கும் எந்த வகையும் ஒதுக்கப்படுவதில்லை. அறிவிக்காத மாறி ஒவ்வொன்றும் பிழை. மேலே சொன்ன மழைக் கணக்கும் எழுத்துக்கூட்டல் குழப்பமும் தொகுக்கும்போதே பிடிபட்டுவிடும். கேள்வி என்னவென்றால், 'இருக்கும் பகுதி' என்பது எதுவரை?

தாயின் குடி

ஃபோர்ட்ரானில் ஒரு பெயர் எந்த எல்லைக்குள் ஒரே பொருளைக் குறிக்குமோ அந்த எல்லையை இங்கே செயற்பரப்பு என்று அழைப்போம். பிரதான செய்நிரல் ஒரு செயற்பரப்பு. மொடியூலின் மேற்பகுதி, அதாவது 'கொன்டெயின்ஸ்' என்ற சொல்லுக்கு முன்னுள்ள அறிவிப்புப் பகுதி, ஒரு செயற்பரப்பு. 'கொன்டெயின்ஸ்' என்பதற்குக் கீழே எழுதப்படும் ஒவ்வொரு உபசெய்நிரலும் தனித்தனிச் செயற்பரப்பு. ஆனால் அது மொடியூலுக்குள் அமைந்திருப்பதால் மொடியூல் அதற்குத் தாய்ப் பகுதி ஆகிறது. தாய்ப் பகுதியில் உள்ள பெயர்கள் உட்பகுதிக்குத் தாமாகவே தெரியும். இதைத் தாய்வழி உரிமை எனலாம். வேறொரு மொடியூலில் உள்ள பெயர்களை 'யூஸ்' என்ற கூற்றினால் வரவழைப்பது மற்றொரு வழி. இதை யூஸ் வழி உரிமை எனலாம்.

பெயர்கள் இரண்டு வழியாலும் வரும். வகை விதி ஒரு வழியால் மட்டுமே வரும். மட்டக்களப்புக் குடிமுறை தெரிந்தவர்களுக்கு இதை விளங்கவைப்பது எளிது: பிள்ளைக்குத் தாயின் குடி வரும், கொண்டு கொடுத்து உறவான வீட்டிலிருந்து சீரும் பொருளும் ஆட்களும் வரலாம், குடி வராது. மொடியூலின் தலையில் இட்ட 'இம்ப்ளிசிட் நன்' அதன் வயிற்றிலுள்ள உபசெய்நிரல்கள் அனைத்துக்கும், அவற்றுக்குள் அமைந்த உள் உபசெய்நிரல்களுக்கும் சேரும். அந்த மொடியூலை 'யூஸ்' செய்யும் செய்நிரலுக்கு அது சேராது.

குழப்பம் எழும் இடங்களை இந்த அளவுகோலால் ஒவ்வொன்றாக அளந்து பார்க்கலாம்.

1. மொடியூலுக்குள் உள்ள உபசெய்நிரல். வரியைத் திரும்ப எழுதத் தேவையில்லை. ஒவ்வொன்றிலும் திரும்ப எழுதுவோர் உண்டு. அது பிழையல்ல, ஆனால் அதனால் கூடுதல் பாதுகாப்பும் இல்லை. ஒரேயொரு பயன், அந்த உபசெய்நிரலைப் பின்னர் வெட்டி வேறு கோப்பில் ஒட்டும்போது வரியும் கூடப் போகும் என்பது.

2. மொடியூலை 'யூஸ்' செய்யும் பிரதான செய்நிரல். வரி கட்டாயம் தனியாக எழுதப்பட வேண்டும். மாணவர்கள் மிக அதிகமாக வழுக்குவது இங்கேதான்: மொடியூல் முழுவதும் ஒழுங்காக இருக்கும், அதை இயக்கும் இருபது வரிப் பிரதான செய்நிரலில் மழை மீண்டும் நிறைவெண்ணாகிவிடும்.

3. இன்னொரு மொடியூல். பிரதான செய்நிரலுக்குச் சொன்னதே இதற்கும்.

4. உபமொடியூல். ஃபோர்ட்ரான் 2008 அறிமுகப்படுத்திய இந்த அமைப்பு ஏமாற்றக்கூடியது. தாய் மொடியூலின் பெயர்கள் அனைத்தும் அதற்குத் தாய்வழியாகவே தெரிகின்றன, ஆகவே வகை விதியும் வந்திருக்கும் என்று எவரும் எண்ணுவர். ஆனால் தரநிலை உபமொடியூலைத் தனியான செய்நிரல் அலகு என்று கணக்கிடுகிறது. தனி அலகு ஒவ்வொன்றும் பழைய ஆறெழுத்து விதியோடுதான் பிறக்கிறது. பெயர் வந்தது, குடி வரவில்லை. மேலே சொன்ன உவமை முறிகின்ற ஒரே இடம் இது என்பதால் தனியாக நினைவில் வைக்க வேண்டியிருக்கிறது. உபமொடியூலின் தலையிலும் வரியை எழுத வேண்டும்.

5. இன்டர்ஃபேஸ் உடல். வெளியே உள்ள ஓர் உபசெய்நிரல் எப்படிப்பட்டது என்று தொகுப்பிக்குக் காட்டுவதற்காக மொடியூலுக்குள் எழுதப்படும் விவரிப்பு இது. மொடியூலின் நடுவே எழுதப்பட்டிருந்தாலும், வெளியே உள்ள ஒன்றின் பிரதிபிம்பம் என்பதால் அது தாயின் வகை விதியைப் பெறுவதில்லை; தாயின் பெயர்களையும் பெறுவதில்லை. மொடியூலின் தலையில் மெய்யெண்ணின் துல்லியத்துக்கென ஒரு மாறிலியை அறிவித்துவிட்டு, அதையே இன்டர்ஃபேஸ் உடலுக்குள் பயன்படுத்தினால் பிழை வருவது இதனால்தான். பெயரை உள்ளே எடுக்க ஃபோர்ட்ரான் 2003 தந்த 'இம்போர்ட்' கூற்று வேண்டும். வகை விதிக்கு அங்கேயும் 'இம்ப்ளிசிட் நன்' வேண்டும்.

6. 'பிளொக்' கட்டமைப்பு. உபசெய்நிரலின் நடுவே சிறு பகுதிக்கு மட்டும் மாறிகளை அறிவிக்க உதவும் இது, சூழ்ந்துள்ள பகுதியின் விதியைப் பெறுகிறது. அதற்குள் 'இம்ப்ளிசிட்' கூற்று எழுதவே அனுமதி இல்லை.

வரியின் இடமும் முக்கியம். 'யூஸ்' கூற்றுகளுக்குப் பின்னும் ஏனைய அறிவிப்புகளுக்கு முன்னும் அது வர வேண்டும். வரிசை மாறினால் தொகுப்பி மறுத்துவிடும்.

யாருடைய 'ஐ'?

இனி இரண்டாவது கேள்வி. வகை விதிகள் எல்லாம் ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்பட்ட, பிழையோ எச்சரிக்கையோ இன்றித் தொகுக்கப்பட்ட மொடியூல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எழுதியவர் ஒவ்வொரு உபசெய்நிரலிலும், திரும்பத் திரும்ப நடக்கும் சுற்றுகளை எண்ணும் சுற்று மாறி 'ஐ' என்பதை நிறைவெண்ணாக அறிவித்துச் சலித்துப்போய், மொடியூலின் தலையிலேயே ஒருமுறை அறிவித்துவிட்டார். எல்லா உபசெய்நிரல்களுக்கும் அது தெரிகிறது. தொகுப்பியின் முறைப்பாடுகள் நின்றுவிட்டன.

இப்போது ஆண்டுக் கணக்கைச் செய்யும் உபசெய்நிரல், 'ஐ' என்ற சுற்று மாறியால் 12 மாதங்களையும் சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் அது மாதக் கணக்கைச் செய்யும் மற்றோர் உபசெய்நிரலை அழைத்து, கிடைத்த தொகையை 12 இடங்கள் கொண்ட அணியில் 'ஐ' ஆவது இடத்தில் வைக்கிறது. மாதக் கணக்கு நாட்களைச் சுற்றுவதற்குத் தானும் 'ஐ' என்ற பெயரையே பயன்படுத்துகிறது. இரண்டு இடத்திலும் உள்ளது ஒரே 'ஐ': மொடியூலுக்குச் சொந்தமான ஒற்றை நினைவக இடம். ஜனவரியின் 31 நாட்களும் முடிந்து மாதக் கணக்கு திரும்பும்போது 'ஐ' இன் மதிப்பு 32. ஆண்டுக் கணக்கு ஜனவரித் தொகையை 12 இடங்களே உள்ள அணியின் 32 ஆவது இடத்தில் எழுதப் போகிறது. அணியின் எல்லையைச் சோதிக்கும் தெரிவுடன் தொகுத்திருந்தால் செய்நிரல் அங்கே நிற்கும். இல்லாவிட்டால் அருகிலுள்ள வேறேதோ மாறியின் மேல் அந்தத் தொகை எழுதப்படும், சுற்று எங்கே முடியும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. சுற்று நடந்துகொண்டிருக்கும்போது அதன் மாறியை மாற்றக் கூடாது என்று தரநிலை தடைசெய்கிறது. ஆனால் அழைப்பின் மறுபக்கத்தில் நடக்கும் மாற்றத்தைக் கண்டுபிடிக்கும் கடமை தொகுப்பிக்கு இல்லை.

'இம்ப்ளிசிட் நன்' இதைப் பிடிக்கவில்லை என்பது மட்டுமல்ல, ஒரு வகையில் அதுவே இதற்குத் தூண்டுதலாகவும் இருந்திருக்கிறது. அறிவிக்கச் சொல்லி அது வற்புறுத்தியது. எழுதியவர் குறைந்த உழைப்பில் அறிவித்தார். வகை சரி, உரிமை தவறு. ஒரு வீட்டுக்குள் "தம்பி" என்று கூப்பிட்டால் அந்த வீட்டுத் தம்பி வருவார். வீட்டில் தம்பி இல்லாவிட்டால் வளவுக்குள் உள்ள தம்பி திரும்பிப் பார்ப்பார். தொகுப்பியும் அப்படியே: பெயர் அந்த உபசெய்நிரலுக்குள் அறிவிக்கப்பட்டிருந்தால் அதுவே; இல்லாவிட்டால் தாய்ப் பகுதியில் தேடும்; அங்கும் இல்லாவிட்டால்தான் வகை விதியிடம் போகும். சுற்று மாறியாகப் பயன்படுத்துவது அறிவிப்பு ஆகாது. உபசெய்நிரலுக்குள் 'இன்டிஜர்' என்று வெளிப்படையாக அறிவித்தால் மட்டுமே அது உள்ளூர் மாறி ஆகி, தாய்ப் பகுதியின் அதே பெயரை மறைக்கும்.

தேடலின் இந்த வரிசை, வகை விதி நீக்கப்படாத செய்நிரலில் இன்னும் விபரீதமான ஒன்றுக்கு இடம் தருகிறது. பிரதான செய்நிரலுக்குள் 'கொன்டெயின்ஸ்' இட்டு எழுதப்பட்ட உள் உபசெய்நிரல் ஒன்று 'கே' என்ற அறிவிக்கப்படாத மாறியைப் பயன்படுத்துகிறது. பிரதான செய்நிரலில் 'கே' எங்கும் இல்லை. ஆகவே அது உள்ளூர் மாறி. ஆறு மாதம் கழித்து வேறொருவர் பிரதான செய்நிரலில் ஏதோ தேவைக்காக 'கே' என்ற பெயரை, அறிவிக்காமலே, ஓரிடத்தில் பயன்படுத்துகிறார். அந்தக் கணத்தில் தாய்ப் பகுதியில் 'கே' பிறந்துவிட்டது. உள் உபசெய்நிரலின் 'கே' உள்ளூர்த் தன்மையை இழந்து தாயின் 'கே' ஆகிவிட்டது. உபசெய்நிரலின் ஒரு எழுத்தைக்கூட எவரும் தொடவில்லை, ஆனால் அதன் பொருள் மாறிவிட்டது. இந்த வகைப் பிழையை மட்டும் 'இம்ப்ளிசிட் நன்' அடியோடு அகற்றிவிடும், ஏனெனில் அங்கே அறிவிக்கப்படாத பெயர் பிறக்கவே முடியாது.

உள்ளூர் மாறிகளில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உபசெய்நிரலில் நிறைவெண் மாறி ஒன்றை அறிவிக்கும் அதே வரியில் பூச்சியம் என்ற தொடக்க மதிப்பையும் கொடுத்தால், அந்தப் பூச்சியம் ஒவ்வொரு அழைப்பிலும் இடப்படுவதில்லை. முதல் அழைப்புக்கு முன் ஒருமுறை மட்டுமே இடப்பட்டு, அதன் பின் மாறி தன் மதிப்பை அழைப்புக்கு அழைப்பு காத்துவைக்கிறது. சி மொழி தெரிந்தவரும் எதிர்பாராத நடத்தை இது. தொடக்க மதிப்பைத் தனிக் கூற்றாக, செயற்படும் வரிகளின் முதலில் எழுதுவதே பரிகாரம்.

ஃபோர்ட்ரான் 2018, தாய்வழி வரவையே கட்டுப்படுத்தும் வசதியை 'இம்போர்ட்' கூற்றை விரித்துத் தந்திருக்கிறது: உபசெய்நிரலுக்குள் 'இம்போர்ட், நன்' என்றால் தாயிடமிருந்து ஒன்றும் வராது, 'இம்போர்ட், ஒன்லி' என்று பட்டியலிட்டால் அவை மட்டும் வரும். மேலே கண்ட 'ஐ' விபத்துக்கு நேரான மருந்து இதுதான். பயன்படுத்துமுன் தமது தொகுப்பியின் பதிப்பு இதை ஏற்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அதுவரை, மொடியூலின் தலையில் ஓரெழுத்து, ஈரெழுத்துப் பெயர்களை அறிவிக்காதிருப்பதே பாதுகாப்பு; அங்கே பெயர்கள் நீளமாக இருக்கட்டும்.

'யூஸ்' வழி வருபவை

'யூஸ்' கூற்று, வேறு எதுவும் சொல்லாவிட்டால், மொடியூலின் பொதுப் பெயர்கள் அத்தனையையும் கொண்டுவந்து கொட்டும். மொடியூலில் எல்லாப் பெயர்களும் வழமையாகவே பொது. இதைவிட முக்கியமானது, அவை சங்கிலியாகவும் வரும் என்பது: குளக் கணக்கு மொடியூல் மழை மொடியூலை 'யூஸ்' செய்து, பிரதான செய்நிரல் குளக் கணக்கை மட்டும் 'யூஸ்' செய்தாலும், மழை மொடியூலின் பெயர்களும் பிரதான செய்நிரலுக்குள் வந்துவிடும். கேளாமல் வந்த இந்த விருந்தாளிகளில் ஒரு பெயர், அறிவிக்க மறந்த ஒரு மாறியின் பெயரோடு ஒத்துப்போனால், 'இம்ப்ளிசிட் நன்' வாய் திறக்காது; பெயர் அறிவிக்கப்பட்டதாகத்தான் அதன் கணக்கு.

இரண்டு மொடியூல்களிலிருந்து ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு பொருள்கள் வந்தால் என்ன ஆகும்? அந்தப் பெயரைப் பயன்படுத்தாதவரை ஒன்றும் ஆகாது. பயன்படுத்தினால் தொகுப்பி பிழை காட்டும். 'யூஸ்' வழி வந்த பெயரை அதே செயற்பரப்பில் திரும்ப அறிவித்தாலும் பிழை. இங்கே மொழி கண்டிப்பாக இருப்பது நன்மையே. தாய்வழிப் பெயரை உட்பகுதி மறைப்பதற்கு உள்ள சுதந்திரம் இதில் இல்லை.

கட்டுப்பாட்டுக்கு இரண்டு கருவிகள் உள்ளன. மொடியூலின் பக்கத்தில், தலையில் 'பிரைவேட்' என்று தனி வரியாக எழுதி, வெளியே போக வேண்டிய பெயர்களை மட்டும் 'பப்ளிக்' என்று அறிவிக்கலாம்; சங்கிலியும் அங்கேயே அறும். பயன்படுத்தும் பக்கத்தில், 'யூஸ்' கூற்றோடு 'ஒன்லி' சேர்த்து வேண்டிய பெயர்களை எண்ணிச் சொல்லலாம், தேவைப்பட்டால் வேறு பெயரிட்டும் எடுக்கலாம். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் 'ஒன்லி' ஐயே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு. செய்நிரலை இரண்டு ஆண்டு கழித்துப் படிப்பவருக்கு, ஒரு பெயர் எங்கிருந்து வந்தது என்று அந்த வரியே பதில் சொல்கிறது.

அறிவிக்காமல் அழைக்கப்படும் உபசெய்நிரல்

'இம்ப்ளிசிட் நன்' மாறிகளைப் பிடிக்கும். 'கோல்' கூற்றினால் அழைக்கப்படும் உபசெய்நிரலின் பெயரைப் பிடிக்காது. உபசெய்நிரலுக்கு வகை என்று ஒன்று இல்லாததால், வகை கேட்கும் விதி அங்கே வேலை செய்வதில்லை. எழுத்துக்கூட்டல் தவறிய பெயரை அழைத்தால், அது எங்கோ வெளியே இருக்கிறது என்று தொகுப்பி நம்பிக்கொள்ளும், இணைக்கும் கட்டத்தில்தான் பிழை வெளிப்படும். பெயர் சரியாக இருந்து, கொடுக்கும் உள்ளீடுகளின் வகை தவறாக இருந்தால் அதுவும் வெளிப்படாமல் போகலாம். மெய்யெண்ணை எதிர்பார்க்கும் இடத்துக்கு நிறைவெண் போய்ச் சேர்ந்து, அதன் இருமங்கள் மெய்யெண்ணாகவே வாசிக்கப்படும். ஃபோர்ட்ரான் 2018 இதற்காக 'இம்ப்ளிசிட் நன்' என்பதன் பின் அடைப்புக்குள் 'டைப்', 'எக்ஸ்டர்னல்' என்ற இரு சொற்களை எழுத அனுமதிக்கிறது. இரண்டாவது சொல் இருந்தால், வெளிப்படையாக அறிவிக்கப்படாத வெளி உபசெய்நிரல் எதையும் அழைக்க முடியாது. அழைக்கப்படுபவை மொடியூலுக்குள் இருந்தால் இந்தச் சிக்கல் எழாது, ஏனெனில் அவற்றின் உள்ளீடுகளைத் தொகுப்பி நேரடியாகப் பார்த்து ஒப்பிடுகிறது.

பழைய செய்நிரலைத் திருத்தும் ஒழுங்கு

பழைய செய்நிரலை மொடியூலாக மாற்றுவோர் 'இம்ப்ளிசிட் நன்' வரியைச் சேர்த்ததும் நூற்றுக்கணக்கான பிழைகள் வந்து குவியும். பட்டியலைப் பார்த்து, மழை என்றால் மெய்யெண்ணாகத்தான் இருக்க வேண்டும், மட்டம் என்றால் மெய்யெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக அறிவித்துக்கொண்டு போவதே முதலில் தோன்றும் வழி. அது தவறான வழி. அறிவிப்பைச் சேர்த்ததால் விடை மாறியதா, மொடியூலாக்கியதால் மாறியதா என்று பிறகு பிரித்தறிய முடியாது.

1. முதலில், ஒவ்வொரு பெயருக்கும் ஆறெழுத்து விதி எந்த வகையைத் தந்திருந்ததோ அதே வகையை அறிவிக்க வேண்டும். மழை நிறைவெண் என்றால் நிறைவெண் என்றே எழுத வேண்டும், அபத்தமாகத் தெரிந்தாலும். கோப்பின் தலையில் பழைய 'இம்ப்ளிசிட்' வரி ஏதும் இருந்தால் அது எழுத்துகளுக்கு வேறு வகை கொடுத்திருக்கும் என்பதையும் பார்க்க வேண்டும்.

2. தொகுத்து ஓட்டி, விடை பழைய விடையோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்க வேண்டும். இந்தக் கட்டத்தில் ஒரே பெயரின் இரண்டு எழுத்துக்கூட்டல்கள் பட்டியலில் அருகருகே தெரியவரும்.

3. அதன் பின்னரே உபசெய்நிரல்களை மொடியூலுக்குள் கொண்டுவந்து, ஒவ்வொரு சுற்று மாறியும் உள்ளூரிலேயே அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். இதைத் தொகுப்பி செய்து தராது.

4. கடைசியில் வகைகளை ஒவ்வொன்றாகத் திருத்தி, ஒவ்வொரு திருத்தத்துக்கும் விடை எவ்வளவு மாறுகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும்.

நான்காவது படியில் எதிர்பாராத ஒன்று நடக்கலாம். மழையை மெய்யெண்ணாக்கியதும் கணித்த நீர்வரத்து அளந்த நீர்வரத்தோடு முன்பைவிடக் குறைவாகப் பொருந்தக்கூடும். பழைய ஆய்வாளர், மழையில் எத்தனை பங்கு நீராக ஓடிவரும் என்று சொல்லும் தமது ஓடுநீர்க் குணகத்தை, வெட்டப்பட்ட மழையை வைத்தே அளவீடுகளுக்குப் பொருத்தியிருப்பார். காணாமல் போன மில்லிமீற்றர்களின் ஈடு அந்தக் குணகத்துக்குள் ஒளிந்திருக்கும். அப்போது திருத்த வேண்டியது மழையை அல்ல, குணகத்தை.